மேலே காட்டிய கை

மீனா: இன்னொரு தடவை சொல்லுங்க தாமரைக்கா. என்ன கேட்டாரு?

தாமரை: ஓமத்தண்ணி.

மீனா: ஓமத்தண்ணியா?

தாமரை: ஆமாம்மா. புள்ளைக்கு வயித்து வலியாம். வாசல்ல போர்டைப் பாத்துட்டு உள்ள வந்திருக்காரு. மெடிக்கல்னு போட்டிருக்கீக, ஓமத்தண்ணி இல்லாத மெடிக்கல் ஒரு மெடிக்கலான்னு சண்டை.

மீனா: அதுக்குப் பக்கத்துலயே ஸ்பான்னு போட்டிருக்கே.

தாமரை: அதை ஓனரோட இனிசியல்னு நெனச்சாராம். நேத்து வந்தவரு தலைகீழு. அவரு ஸ்பாவைப் படிச்சாரு, மெடிக்கலைப் படிக்கல. துண்டை முக்காடு போட்டுக்கிட்டு வந்து, உள்ள யாரு இருக்காங்கன்னு மெதுவாக் கேட்டாரு. முன் பக்கம் எலும்பு டாக்டரு, பின் பக்கம் தோல் டாக்டரம்மா, ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டின்னேன். செருப்பைக் கூட சரியா மாட்டல, ஓடிட்டாரு.

மீனா: மெடிக்கல் ஸ்பான்னா ரெண்டையும் சேத்துப் படிக்கணும்க்கா. தோல்ல நோய் இருந்தா கீழ வைத்தியம். நோய் இல்லாத தோலை நல்லா வச்சுக்க மாடியில பராமரிப்பு. இதுல என்ன கஷ்டம்?

தாமரை: கஷ்டமே இல்லம்மா. பழங்காநத்தத்துல ரெண்டையும் சேத்துப் படிக்க இன்னும் ஆள் வரல, அம்புட்டுத்தான்.

மீனா: இன்னைக்குத் தேதி என்ன?

தாமரை: முப்பத்தொண்ணு.

மீனா: மணி?

தாமரை: அஞ்சே முக்கால்.

மீனா: ஏழு மணிக்கு எங்க வீட்டுக்காரரு வந்து மாடி ரூம் சாவியைக் கேப்பாரு. நானும் கொடுத்துத்தான் ஆகணும். ஒரு மாசத்துக்குள்ள ஒரே ஒரு ஆளாவது தானா மாடிப்படி ஏறி வரணும், இல்லைன்னா மாடி எலும்புக்குன்னு பேசியாச்சு. சரின்னு தலையாட்டினதும் நான்தான்.

தாமரை: சொந்தக்காரங்க கணக்குல சேராதுன்னு ஒண்ணு சொன்னீங்களே.

மீனா: அதையும் நானேதான் சொன்னேன். பெருமைக்கு. எங்க சித்தி வந்து படுத்துக்கிட்டு, மீனா ஜெயிச்சுட்டான்னு ஊரெல்லாம் சொல்லக் கூடாதுல்ல.

தாமரை: ரூம் எங்கயும் போகாதும்மா.

மீனா: நீங்க எப்படி இம்புட்டு தெம்பா இருக்கீங்க? முதுகு வலிக்காரங்களைப் படுக்க வச்சு இழுக்குற கட்டில் வந்து மாடிப்படித் திருப்பத்துல நிக்குது. பாத்தீங்கள்ல?

தாமரை: பாத்தேன். குட்டையா இருக்கு. அதுல யாரு படுக்க முடியும்?

மீனா: அளவைத் தப்பாக் கொடுத்திருப்பாரு. அவருக்கு எலும்போட அளவு தெரியும், கட்டிலோட அளவு தெரியாது. அந்தப் பேனாவை எடுங்க.

தாமரை: உங்க கால்கிட்டதான் கிடக்கு.

மீனா: தெரியுது. எடுத்துக் கொடுங்க.

தாமரை: குனிய முடியலையாம்மா?

மீனா: யாரு சொன்னா? குனிய நேரமில்லை. மாடியில அந்த வெள்ளை டப்பா க்ரீம் பாதிக்கு மேல காலியா இருக்கே, ஏன்?

தாமரை: எந்த டப்பா?

மீனா: மூஞ்சியில மாஸ்க் போடுற டப்பா. இன்னும் ஒருத்தருக்கும் போடல. எப்படிக் குறையும்?

தாமரை: வெயிலும்மா. ஆவியாகிப் போயிருக்கும்.

மீனா: அது ஆவியாகுற பொருளில்ல.

தாமரை: மதுரை வெயில்ல எது ஆவியாகாது? …அம்மா, இன்னைக்கு வியாழக்கிழமை.

மீனா: ஆமா.

தாமரை: நாகமலை புதுக்கோட்டையில கேம்ப்பு. அஞ்சரைக்கே கிளம்பிருவீங்களே.

மீனா: இன்னைக்குப் போகல.

தாமரை: போகலையா.

மீனா: கடைசி நாள். ஒரு ஆளு வந்தா நான் இருக்க வேணாமா?

தாமரை: வண்டியைக் காணோம், அதான் போயிட்டீங்கன்னு…

மீனா: ஸ்கூட்டி சர்வீஸ்ல கிடக்கு. மத்தியானம் ஆட்டோவுல வந்தேன். நான் போகலைன்னா உங்களுக்கு என்னக்கா?

தாமரை: எனக்கென்ன. கேம்ப்புல சனம் தோலைக் காட்ட வரிசையில நிக்குமேன்னு ஒரு வருத்தம். எட்டிப் பாத்துட்டு ஏழுக்குள்ள வந்துரலாம்…

மீனா: நிக்கட்டும். அது சரி, மாடியில கொல்லைப்பக்கத்து இரும்புப் படிக் கதவுக்கு எண்ணெய் போட்டது யாரு? கிரீச்சுன்னு தெருவுக்கே கேக்கும், இப்ப சத்தத்தையே காணோம்.

தாமரை: நான்தான். தலைவலிம்மா அந்தச் சத்தம்.

மீனா: நம்ம யாரும் அந்தப் பக்கம் போறதே இல்லையே.

தாமரை: …காத்து போகுதுல்ல. இருங்க, யாரோ வாராக.

கண்ணன்: வணக்கம் தாயி. தோல் டாக்டரம்மா…

மீனா: நான்தான். உக்காருங்கண்ணே.

கண்ணன்: இருக்கட்டும், நின்னுக்கிட்டே சொல்லிர்றேன்.

மீனா: நின்னீங்கன்னா உங்க முகம் எனக்கு எட்டாது. உக்காருங்க.

கண்ணன்: அதுவும் சரிதான். ஆளு சிறுசு, படிப்பு பெருசு. முக்காலி மேலயா தாயி உக்காந்திருக்கீக?

தாமரை: அண்ணே, பேரைச் சொல்லுங்க.

கண்ணன்: கருத்தக்கண்ணன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். வாழை போட்டிருக்கேன். மூட்டு வலின்னு முன் பக்கத்து டாக்டரைப் பாத்துட்டு வாரேன். ஊசி கேட்டேன், தர மாட்டேன்னுட்டாரு. நீங்களாச்சும் போடுவீகளா?

மீனா: என்ன தொந்தரவுன்னு சொல்லுங்க, அப்புறம் பாப்போம்.

கண்ணன்: தொந்தரவுன்னு சொல்லணும்னா… சிஸ்டரு கொஞ்சம் அங்கிட்டுப் போனா நல்லது.

தாமரை: நான் இருவத்திரெண்டு வருசமா நர்ஸு. நான் பாக்காததா.

கண்ணன்: மூக்கு.

தாமரை: என்னாது?

கண்ணன்: மூக்குதான் தொந்தரவு.

மீனா: சளியா? அடைப்பா?

கண்ணன்: அதெல்லாம் இல்ல. மூக்கு உள்ள நல்லாத்தான் இருக்கு. வெளிய குழி. கிட்ட வந்து பாருங்க. வரகரிசி கொட்டி அள்ளுன மாதிரி.

மீனா: இது நோயில்லண்ணே. தோல்ல இருக்குற துவாரம்தான், கொஞ்சம் பெரிசாத் தெரியுது. எத்தனை வருசமா இருக்கு?

கண்ணன்: மூக்கு இருக்குற வருசமா இருக்கு.

மீனா: பின்ன இன்னைக்கு என்ன அவசரம்?

கண்ணன்: ஞாயித்துக்கிழமை காதணி விழா. எந் தங்கச்சி இருளாயி மக பவதாரிணிக்கு. நான் தாய்மாமன். என் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்.

மீனா: சந்தோசம். அதுக்கும் மூக்குக்கும்…

கண்ணன்: ஃப்ளெக்ஸ் வைக்கிறாக தாயி.

தாமரை: எம்புட்டு?

கண்ணன்: இருவதுக்கு முப்பது.

தாமரை: ஆத்தீ.

கண்ணன்: அதுல பாதி நானு, பாதி எந் தம்பி அழகுபாண்டி. நடுவுல புள்ளை. ஃப்ளெக்ஸ்காரப் பையன் கணக்குப் போட்டுச் சொன்னான், என் மூக்கு மட்டும் மூணடி வருமாம். மூணடி மூக்குல இந்தக் குழி ஒவ்வொண்ணும் இட்லித் தட்டுக் குழி அளவுக்குத் தெரியும். பஸ்ஸுல போறவன் எண்ணுவான்.

மீனா: சிரிக்காதீங்கக்கா.

தாமரை: நான் எங்கம்மா சிரிச்சேன். இருமல்.

மீனா: ஃபோட்டோவுலயே அவங்க சரி பண்ணிருவாங்களே.

கண்ணன்: போன வருசம் பண்ணுனாங்களே. எங்க பங்காளி வீட்டு விசேசம். என்னைய வெளுவெளுன்னு வெளுத்து, குழியெல்லாம் தடவி விட்டுட்டான். வந்தவுக அம்புட்டுப் பேரும் நகைக்கடை விளம்பரம்னு தாண்டிப் போயிட்டாக. எங்க வீட்டுக்காரி மாயக்காள் மட்டும் நின்னு பாத்துட்டு, யாரு இந்த ஆளு நல்லா இருக்காருன்னு கேட்டுச்சு.

தாமரை: ஐயோ அண்ணே.

கண்ணன்: அதனால நேர்லயே சரி பண்ணிட்டு ஃபோட்டோ பிடிச்சுரணும். நாளைக்குக் காலையில பிடிக்கிறாக.

மீனா: முதல்லயே சொல்லிர்றேன், நான் வெளுக்க வைக்க மாட்டேன்.

கண்ணன்: எனக்கு எதுக்கு வெளுப்பு? பேரே கருத்தக்கண்ணன். வெளுத்தா ரேஷன் கார்டுலருந்து மாத்தணும். குழியைத் தூத்தாப் போதும்.

மீனா: குழியைத் தூர்க்கவும் முடியாதுண்ணே. ஒரே நாள்ல ஆகாது. ஆனா நல்லாச் சுத்தம் பண்ணி, ஆவி காட்டி, ஒரு மாஸ்க் போட்டா ரெண்டு மூணு நாளைக்கு முகம் பளிச்சுன்னு இருக்கும். குழி அம்புட்டாத் தெரியாது. அது மாடியில.

தாமரை: மாடியில.

கண்ணன்: மாடியிலயா. …அந்த ஸ்பாவா?

மீனா: மெடிக்கல் ஸ்பா.

கண்ணன்: இப்பப் புரியுது.

மீனா: என்ன புரியுது?

கண்ணன்: முன் பக்கத்து டாக்டரு மொகம் மினுமினுன்னு இருந்துச்சு தாயி. உரிச்ச வாழப்பழம் கணக்கா. எங்க தோட்டத்துலயே அப்படி ஒரு பழம் பாத்ததில்ல. என்ன சோப்பு போடுறீகன்னு கேட்டேன். வாயத் திறக்கல. மேல கையைக் காமிச்சாரு.

மீனா: கடவுள் கொடுத்ததுன்னு சொல்லியிருப்பாரு. அவருக்கு அந்த நெனப்பு கொஞ்சம் உண்டு.

தாமரை: ஆமாம்மா. கடவுள்தான். வேற யாரு.

கண்ணன்: நானும் கடவுள்னுதான் நெனச்சேன். அப்புறம் வெளிய வந்து போர்டைப் பாத்தேன், மாடியைப் பாத்தேன்…

தாமரை: அண்ணே, நேரமாகுது. ஏறுவோமா?

கண்ணன்: இருங்க சிஸ்டரு. சும்மா ஏற முடியாது. சீட்டு வேணும்.

மீனா: என்ன சீட்டு?

கண்ணன்: டாக்டரு சீட்டு. இன்ன நோயி, இன்ன வைத்தியம்னு நீங்க எழுதித் தரணும். இன்னைக்கு ராத்திரி நான் பளிச்சுன்னு வீட்டுக்குப் போனா, எங்கிட்டுப் போனீகன்னு மாயக்காள் கேக்கும். ஸ்பான்னு சொன்னா அன்னைக்கே எனக்குக் காரியம்தான். சீட்டைக் காமிச்சா ஒண்ணும் பேசாது. டாக்டரு எழுதிக் கொடுத்துட்டாகன்னா அது எதையும் கேக்காது. எனக்கு வெங்காயம் உரிக்கச் சேராதுன்னு ஒரு தடவை எழுதி வாங்கிட்டுப் போயி எட்டு வருசம் ஓட்டிட்டேன்.

மீனா: இல்லாத நோயை நான் எழுத மாட்டேன்.

தாமரை: அம்மா.

மீனா: மாட்டேன்க்கா.

தாமரை: அம்மா, மணி ஆறே கால். முப்பத்தொண்ணாம் தேதி.

மீனா: தெரியும். மாடி போனாலும் பரவாயில்ல. துவாரத்தை நோயின்னு எழுதுனா நாளைக்கு எல்லாருக்கும் நான் அப்படித்தான் எழுதணும்.

கண்ணன்: சின்ன நோயா எழுதுங்க தாயி. நெறைய வேணாம்.

மீனா: சின்னதும் கிடையாது, பெருசும் கிடையாது. நேர்மையா ஸ்பாவுக்குப் போனேன்னு வீட்டுல சொல்லுங்க.

கண்ணன்: உங்களுக்கு மாயக்காளைத் தெரியாது. …அப்ப நான் வாரேன் தாயி. மூணடியோ நாலடியோ, வச்ச மூக்கை வச்சுக்க வேண்டியதுதான்.

தாமரை: போச்சு.

மீனா: ஒரு நிமிசம். அந்த லைட்டுப் பக்கம் திரும்புங்க. கன்னத்தைக் காட்டுங்க.

கண்ணன்: கன்னத்துல குழி இல்லையே.

மீனா: பேசாம இருங்க. தாமரைக்கா, லென்ஸ். …இந்தக் கன்னத்துல பழுப்பா, திட்டா இருக்கே, இது எப்பருந்து?

கண்ணன்: அது வெயில் அடிச்சது. ஆறேழு வருசமா கிடக்கு. அரிக்காது, வலிக்காது.

மீனா: இது மங்கு. வெயில்ல நின்னு நின்னு வந்தது. இதுக்கு வைத்தியம் உண்டு.

கண்ணன்: அப்ப… நோயி இருக்கா?

மீனா: இருக்கு.

கண்ணன்: நெசமாவா?

மீனா: நெசமா.

கண்ணன்: ஆண்டவன் காப்பாத்திட்டான். சிஸ்டரு, எனக்கு நோயி இருக்காம்.

தாமரை: வாழ்த்துகள்ணே.

கண்ணன்: இங்கிலீசுல பேரு உண்டுல்ல? பெருசா எழுதுங்க.

மீனா: மெலாஸ்மா.

கண்ணன்: மெலாஸ்மா. …அடடா. பொம்பளப் புள்ளைக்கு வைக்கிற பேரு மாதிரி இருக்கு. முன்னமே தெரிஞ்சிருந்தா பவதாரிணிக்கே வச்சிருக்கலாம்.

மீனா: வெயில்ல போகும்போது தலைக்குக் குல்லா. இந்த க்ரீம் காலையில, இது ராத்திரி. வாரம் ஒரு தடவை வந்து முகத்தைச் சுத்தம் பண்ணிக்கணும். எழுதிட்டேன்.

கண்ணன்: பத்தியம்?

மீனா: பத்தியம் கிடையாது.

கண்ணன்: ஏதாவது போடுங்க தாயி. பத்தியம் இல்லாட்டி மாயக்காள் நம்பாது.

மீனா: வெயில் பத்தியம். பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் வெயில் ஆகாது.

கண்ணன்: அது அருமையான பத்தியம். …தாயி, கேக்கணும்னு நெனச்சேன், இங்க என்ன தைல வாசம் அடிக்குது?

மீனா: தைலமா? இல்லையே.

கண்ணன்: குறுந்தொட்டி வேரு, நல்லெண்ணெய்… எங்க ஊரு எண்ணெய் வைத்தியரு காச்சுற தைலம் இதே வாசந்தான்.

மீனா: கைக்குப் போடுற க்ரீம்.

தாமரை: டாக்டரம்மா வாரா வாரம் உங்க ஊருக்குத்தாண்ணே வாராங்க. வியாழக்கிழமை கேம்ப்பு.

கண்ணன்: எங்க ஊருலயா? வியாழக்கிழமையா? நான் ஒரு தோல் கேம்ப்பும் பாக்கலையே. சாயங்காலம் கூட்டம் நிக்குறது எண்ணெய் வைத்தியரு வீட்டு முன்னாடிதான்.

மீனா: கேம்ப் உள்ள தள்ளி. அண்ணே, மாடிக்குப் போவோம்.

கண்ணன்: போவோம். …ஐயையோ.

தாமரை: இப்ப என்ன?

கண்ணன்: இந்தாங்க, முன் பக்கத்து டாக்டரு கொடுத்த சீட்டு. இங்கன படிங்க.

தாமரை: 'மாடிப்படி ஏறக் கூடாது.'

கண்ணன்: அந்தச் சீட்டு ஏறாதங்குது. இந்தச் சீட்டு ஏறுங்குது. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேசி ஒரு சீட்டா கொடுத்திருக்கலாம்.

மீனா: அவரு சொன்னா சொன்னதுதாண்ணே. எலும்புல அவரு தப்பு பண்ண மாட்டாரு. நீங்க ஏற வேணாம். ஆவி மெஷினைக் கீழ கொண்டு வர்றேன். இங்கயே பண்ணிரலாம்.

தாமரை: அம்மா, கீழ பண்ணுனா மாடி ஏறுன கணக்குல வராது.

மீனா: வராட்டிப் போகுது. அவரு மூட்டு முக்கியம்.

கண்ணன்: என்ன கணக்கு?

தாமரை: இந்த மாசத்துல ஒரு ஆளாவது மாடி ஏறலைன்னா அந்த ரூம் எலும்புக்குப் போயிரும்ணே. இன்னைக்கு ஏழு மணியோட முடியுது. நாங்களே தொடைச்சு, நாங்களே ரெண்டு கட்டில் போட்டு, நடுவுல திரை தைச்சு விட்டது. அந்தம்மா ஒரு வருசமா அதே நெனப்பு. ஒருத்தரும் ஏறல.

மீனா: இதையெல்லாம் ஏன் அவருகிட்ட சொல்றீங்க?

கண்ணன்: எத்தனை படி?

மீனா: அண்ணே, வேணாம்.

கண்ணன்: எத்தனை படி சிஸ்டரு?

தாமரை: பதினெட்டு.

கண்ணன்: அந்த டாக்டரு என் மூட்டுக்கு எழுதுனாரு. மூக்குக்கு எழுதல. மூக்கு ஏறட்டும், மூட்டு பின்னாடி வரும். அந்தக் கம்பியைக் காமிங்க.

மீனா: பிடிவாதம். சரி, ஒவ்வொரு படியிலயும் நிக்கணும். நல்ல காலை முதல்ல வைங்க. கம்பியை விடாதீங்க. வலிச்சா இறங்கிரணும்.

கண்ணன்: ஒண்ணு. …ரெண்டு. …வரப்பு ஏறுறதை விட இது லேசு. …மூணு. தாயி, நீங்க ஏன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறீக?

மீனா: உங்களைப் பாத்து எனக்கும் வலிக்குது.

கண்ணன்: எட்டு. …ஒம்போது. இது என்ன கட்டிலு, வழியில?

தாமரை: உக்காந்து மூச்சு வாங்கிக்கங்கண்ணே.

கண்ணன்: படுத்தா முழங்கால் வெளிய தொங்கும்போல. சின்னப் புள்ளைக்குச் செஞ்சதா?

மீனா: எலும்பு டாக்டரு செஞ்சது. எழுந்திரிங்க, இன்னும் ஒம்போதுதான்.

கண்ணன்: …பதினாறு. …பதினேழு. …பதினெட்டு. அடேயப்பா. குளுகுளுன்னு இருக்கே. இதுக்கா சனம் பயப்படுது?

மீனா: ஏறிட்டாரு.

தாமரை: ஏறிட்டாரும்மா. மணி ஆறு முப்பத்தி நாலு.

மீனா: தாமரைக்கா, நீங்க அழுறீங்களா?

தாமரை: நீங்கதான் அழுறீங்க.

மீனா: இல்லையே. என் தொப்பியையும் வாய் மூடுற மாஸ்க்கையும் கொடுங்க. அண்ணே, திரைக்குப் பின்னால இருக்குற கட்டில்ல படுங்க. கண்ணை மூடுங்க. …இப்ப ஆவி வருது. சூடா இருந்தா சொல்லுங்க.

கண்ணன்: இட்லிச் சட்டியில வச்ச மாதிரி இருக்கு. நல்லா இருக்கு.

மீனா: தாமரைக்கா, ஏன் அந்தக் கொல்லைக் கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

தாமரை: தாழ் போடலாமான்னு…

மீனா: காத்து வரட்டும். நீங்க கீழ போயி என் ஃபோனை எடுத்துட்டு வாங்க. இவரு இங்க படுத்திருக்கிறதை ஒரு ஃபோட்டோ எடுத்து வைக்கணும். அவரு நம்ப மாட்டாரு.

தாமரை: நீங்க போங்கம்மா. நான் மாஸ்க் போடுறேன்.

மீனா: முதல் ஆளுக்கு நான்தான் போடுவேன். போங்கக்கா.

தாமரை: அம்மா, நான் சொல்ல வர்றது…

மீனா: ஃபோன்.

தாமரை: மீனாச்சித் தாயே. …போறேன்.

கண்ணன்: சிஸ்டருக்கு என்ன, பதறுது?

மீனா: சந்தோசத்துல அப்படித்தான். பேசாதீங்க, மாஸ்க் போடுறேன். கண்ணு மேல பஞ்சு வைக்கிறேன்.

கண்ணன்: சந்தனக் காப்பு சாத்துன மாதிரி இருக்குமா தாயி?

மீனா: அதேதான். உதட்டை அசைக்காதீங்க.

பாண்டிராஜ்: தாமரைக்கா, நான்தான். கொல்லைப் படியில வந்துட்டேன், நேரமில்ல. திரை இழுத்தே இருக்கு, நல்லது. வழக்கமான கட்டில்தான? படுத்துட்டேன். கண்ணை மூடிட்டேன். ஆவி வேணாம், நேரா மாஸ்க். ஏழு மணிக்குள்ள மேடம் கேம்ப்லருந்து வந்துரும்.

மீனா: ம்.

பாண்டிராஜ்: ஜலதோசமா? குரலே வரல. போன வாரம் மூக்கு ஓரத்துல விட்டுட்டீங்க. இன்னைக்கு ஒரு பேசண்டு என்ன சோப்பு டாக்டர்னு கேட்டான். வெக்கமாப் போச்சு. சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. சும்மா மேல கையைக் காமிச்சேன்.

கண்ணன்: நானும் அதைப் பாத்துத்தான் வந்தேன் டாக்டரே.

பாண்டிராஜ்: யாரது?

கண்ணன்: மெலாஸ்மா.

பாண்டிராஜ்: எந்த மெலாஸ்மா?

கண்ணன்: மூட்டு வலி மெலாஸ்மா. கருத்தக்கண்ணன்.

பாண்டிராஜ்: உங்களை மாடி ஏறாதீங்கன்னு எழுதிக் கொடுத்தேனே. தாமரைக்கா, இவரு எப்படி இங்க…

மீனா: பதினெட்டுப் படி. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுனாரு. நல்ல காலை முதல்ல வச்சு. கண்ணைத் திறக்காதீங்க. க்ரீம் உள்ள போயிரும்.

பாண்டிராஜ்: மீனா.

மீனா: ஆவியாகிப் போன க்ரீமா நீங்க?

பாண்டிராஜ்: வண்டி இல்லையே கீழ.

தாமரை: அம்மா, ஃபோன்… வந்துட்டாரா. முடிஞ்சது.

மீனா: எத்தனை வாரமாக்கா?

தாமரை: நாலு வியாழக்கிழமை. மேடம்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மீனாச்சி மேல சத்தியம் வாங்கிட்டாரு. மொத நாளு சும்மா எட்டிப் பாக்க வந்தாரும்மா. ஆவி மெஷின் ஓடுதான்னு கேட்டாரு. ஓட்டிக் காமிச்சேன். அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல.

மீனா: ஒரு மாசமா ஒருத்தரும் ஏறலைன்னு நான் தூங்காம கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

தாமரை: சொந்தக்காரங்க கணக்குல சேராதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. அப்புறம், இந்த மொகத்தை வச்சுக்கிட்டு இவரு எங்க ரூமை மூடப் போறாருன்னு எனக்கு ஒரு தைரியம்.

கண்ணன்: அது நல்ல தைரியம். தாயி, எனக்கு மூக்கு இழுக்குது.

மீனா: காயுதுண்ணே, அப்படித்தான் இருக்கும். …ஏங்க. திருட்டுத்தனமா வந்து என் கட்டில்லயே படுத்துக்கிட்டு, என் க்ரீமையே போட்டுக்கிட்டு, என் ரூமையே பிடுங்கி அந்தக் குட்டைக் கட்டிலைப் போடப் பாத்தீங்களா? அதுல எந்த ஆளு படுக்க முடியும்? படுத்தா முழங்கால் வெளிய தொங்கும்னு அண்ணனே சொன்னாரு.

பாண்டிராஜ்: கேம்ப் எப்படிப் போகுது மீனா?

மீனா: பேச்சை மாத்தாதீங்க.

பாண்டிராஜ்: வியாழக்கிழமை கேம்ப். நாகமலை புதுக்கோட்டை.

மீனா: …நல்லாப் போகுது.

கண்ணன்: உள்ள தள்ளியாம் டாக்டரே. நான் ஊர்க்காரன், நானே பாத்ததில்ல.

மீனா: அண்ணே, மாஸ்க் போட்டா பேசக் கூடாது.

பாண்டிராஜ்: எலும்பு டாக்டர் வீட்டுல ராத்திரி தைல வாசம் அடிச்சா அவனுக்குத் தெரியாதா? முதுகு வலின்னு எங்கிட்ட சொன்னா எலும்பு ஜெயிச்சுரும்னு நீ வாரா வாரம் எண்ணெய் வைத்தியர் வீட்டுல போயி குப்புறப் படுத்துக்கிற. அந்தக் கட்டில் குட்டை இல்ல மீனா. நாலடி பதினோரு அங்குலத்துக்கு ஆள் இருக்குன்னு சொல்லி, அளவு கொடுத்துச் செஞ்சது. அதை இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் போட்டாப் போதும், ரூம் உன்னோடதுதான். இப்ப மூக்கு ஓரத்துல தடவு, காயுது.